கார்பன் மிதிவண்டிச் சட்டகத்தில் குறை தோன்றினால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்குச் செல்லும் வழி

கார்பன் இழையும் எபாக்ஸிப் பிசினும் கொண்டு சட்டகம் செய்பவர்களைப் பெரிதும் அலைக்கழிப்பது, குறை கண்ணில் படும் இடமும் அது பிறந்த இடமும் ஒன்றாக இல்லாததுதான். அச்சைத் திறக்கும்போது தெரியும் ஊசித்துளைக்கு, முந்தின நாள் ஃபிரீஸரிலிருந்து கார்பன் தாள் சுருளை எடுத்தவரின் அவசரம் காரணமாக இருக்கலாம். ஓட்டத் தொடங்கி ஆறு மாதம் கழித்து எழும் முனகலுக்கு, ஒட்டுவதற்கு முன் துடைக்காமல் தேய்த்தது காரணமாக இருக்கலாம். ஆகவே இந்த வழிமுறை ஒவ்வோர் அறிகுறியையும் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிச் செல்கிறது.

இங்கே கருத்தில் கொண்டிருப்பது தைவானின் தைச்சுங், சீனாவின் ஷியாமென் வட்டாரங்களில் பரவலாக வழங்கும் முறை. முன்கூட்டியே பிசின் ஊட்டிய கார்பன் தாளைத் துண்டுகளாக வெட்டி, கையால் அடுக்கி, இரு பாதிகளாகத் திறக்கும் உலோக அச்சுக்குள் வைத்து, உள்ளே உள்ள காற்றுப்பையான பிளாடரில் 5 முதல் 10 பார் வரை காற்றழுத்தம் கொடுத்து, 120 முதல் 150 டிகிரி செல்சியஸில் இறுக வைப்பார்கள். சட்டகத்தின் முன்பாதியான முன் முக்கோணம் ஒரே துண்டாக வரும். பின்சக்கரத்தைத் தாங்கும் செயின் ஸ்டே (கீழ்க்குழாய்கள்), சீட் ஸ்டே (மேல்குழாய்கள்) ஆகியவற்றைத் தனியே செய்து பிறகு ஒட்டுவார்கள். கையால் பிசின் தடவிச் செய்யும் சிறு பட்டறைகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். மாறுபடும் இடங்களில் அதைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

எதையும் தேய்ப்பதற்கு முன்

குறையைக் கண்டதும் கை உப்புத்தாளையும் புட்டியையும் தேடும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும். தேய்த்துவிட்டால் தடயம் அழிந்துவிடும். முதலில் சட்டகத்தை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, பானை வாங்குபவர் சுண்டிப் பார்ப்பதுபோல, ஒரு நாணயத்தின் விளிம்பால் குழாய்களின் நீளம் முழுவதும் விரற்கடைக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போங்கள். நன்றாக இறுகிய சுவர் கூர்மையாக ஒலிக்கும். அடுக்கு பிரிந்த இடத்திலும் பிசின் மட்டும் திரண்ட இடத்திலும் ஓசை மந்தப்படும். சுவரின் தடிப்பு மாறும்போதும் ஓசை மாறும் என்பதால், குறையற்றது என்று உறுதியாகத் தெரிந்த அதே அளவுச் சட்டகம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் தட்டுவதே நம்பத்தக்கது. அதன்பின் மெல்லிய குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பாருங்கள். கடைசியாக அந்தச் சட்டகத்தின் அடுக்குப் பதிவேட்டை எடுங்கள்: எந்தச் சுருள், எந்தத் தேதியில் வெளியே எடுத்தது, யார் அடுக்கியது, அழுத்தம் எந்த நிமிடத்தில் ஏறியது. பதிவேடு இல்லையென்றால் இனி வரும் பகுதிகளில் பாதியை ஊகத்தால்தான் நிரப்ப வேண்டியிருக்கும்.

மேற்பரப்பில் ஊசித்துளைகள்

துளைகள் எப்படிப் பரவியுள்ளன என்பதே முதல் துப்பு. சட்டகம் முழுவதும் தூவியதுபோல இருந்தால் ஈரத்தையோ அழுத்தம் ஏறிய நேரத்தையோ சந்தேகியுங்கள். ஒரு பகுதியில் மட்டும் குவிந்திருந்தால் அங்கே அழுத்தம் போய்ச் சேரவில்லை. அச்சின் இரு பாதிகளும் சேரும் கோட்டை ஒட்டி வரிசையாக இருந்தால், அந்த இடுக்கு வழியாகப் பிசின் ஒழுகி அடுக்கு வறண்டிருக்கிறது. அச்சின் சேர்முகத்தில் அடிபட்டோ பழைய பிசிறு ஒட்டிக்கொண்டோ இடைவெளி விழுந்திருக்கும்.

இவற்றுள் ஈரத்தைத்தான் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பிரீபிரெக் எனப்படும் இந்தப் பிசின் ஊட்டிய தாளின் சுருளை மைனஸ் 18 டிகிரியில் வைத்திருப்போம். வெளியே எடுத்ததும் உறையைப் பிரித்தால், குளிர்ந்த தாளின் மேல் காற்றிலுள்ள ஈரம் படியும். எங்கள் பட்டறையில் ஓர் ஐப்பசி மாதம் அடுத்தடுத்து மூன்று முன் முக்கோணங்கள் அம்மைத் தழும்புபோல் வந்தன. அச்சைச் சுத்தம் செய்தோம், பிளாடரை மாற்றினோம், பயன் இல்லை. நான்காவது நாள் காலையில் புதிய சுருளை வெட்டுமேசையில் விரித்தபோது, பாதுகாப்புப் படலத்தின் மேல் விரலை வைத்து இழுத்தேன். சோடாப் பாட்டிலின் மேல் விழுவதுபோல் ஒரு கோடு விழுந்தது, விரல் நனைந்திருந்தது. அத்தனைக்கும் காரணம் அந்த விரல்நுனி ஈரம்தான்.

சிறிதளவு ஈரம் இவ்வளவு செய்வதற்குக் காரணம் எளிது. 120 டிகிரி செல்சியஸில் நீராவியின் அழுத்தம் ஏறத்தாழ 2 பார். அடுக்கைச் சுற்றியுள்ள பிசினில் அதைவிடக் கூடுதலான அழுத்தம் நிலவினால் ஈரம் கரைந்தபடியே இருக்கும். குறைந்தால் குமிழாக மாறும். அடுக்கைப் பைக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சி இறுக்கும் வெற்றிடப் பையை மட்டும் நம்பிச் செய்பவர்களுக்கு வளிமண்டலத்தின் 1 பார்தான் கிடைக்கும் என்பதால், அவர்கள் ஈரத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். சுருளை மூடிய உறையுடனேயே வெளியில் வைத்து, உறையின் வெளிப்பக்கத்தில் ஈரம் படிவது முற்றிலும் நின்று அறை வெப்பநிலைக்கு வந்தபின் பிரிப்பதுதான் தீர்வு. பெரிய சுருளுக்கு ஓரிரவு தேவைப்படும். அவசரத்துக்கு வெயிலில் வைக்காதீர்கள். வெளிப்பக்கம் சூடாகிப் பிசின் முதிரத் தொடங்க, உட்பக்கம் குளிர்ந்தே இருக்கும்.

ஈரம் இல்லையென்று உறுதியானால் நேரத்தைப் பாருங்கள். சூடு ஏறும்போது பிசின் முதலில் இளகும், பிறகு கெட்டியாகும். இளகியிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் முழு அழுத்தமும் ஏற வேண்டும். மிக முன்னதாக ஏற்றினால், அடுக்குகள் இன்னும் விறைப்பாக இருப்பதால் மூலைகளில் பிளாடர் மாட்டிக்கொள்ளலாம். பிந்தினால் குமிழ்கள் இருந்த இடத்திலேயே உறைந்துவிடும். அச்சின் சூட்டை ஓவனின் அளவுமானியில் படிக்காமல் அச்சின் உடலிலேயே உணரியைப் பொருத்திப் படியுங்கள். பெடல் தண்டு சுழலும் கூடான பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றியுள்ள தடித்த உலோகம் மற்ற இடங்களைவிட மெதுவாகவே சூடேறும்.

ஓரிடத்தில் மட்டும் துளைகள் குவிந்திருந்தால் பிளாடரை வெளியே எடுத்து, காற்றடைத்துச் சோப்புநீரில் அமுக்கிப் பாருங்கள். நைலான் பிளாடர் நீளாது, கிழியும். லேடெக்ஸ் நீளும், ஆனால் சூட்டில் விரைவில் மூப்படையும். கசிவு சிறியதாக இருந்தால் கம்ப்ரஸர் அதை ஈடுசெய்துகொண்டே இருக்கும், அளவுமானியும் சரியாகவே காட்டும்; கசிந்த காற்று மட்டும் அடுக்குகளுக்குள் புகுந்து துளை போடும். ஆகவே அச்சை மூடியபின், சூடேற்றும் முன், காற்றுவரவை அடைத்து அளவுமானி இறங்குகிறதா என்று 5 நிமிடம் பார்ப்பது நல்ல பழக்கம்.

ஓசை கூர்மையாக இருந்து, துளைகள் மேல்தோலில் மட்டும் இருந்தால் தெளிந்த எபாக்ஸி தடவி அடைத்துத் தேய்க்கலாம். ஓசை மந்தமாக இருந்தால் அடைப்பது ஏமாற்று. அந்தச் சட்டகம் ஒதுக்கப்பட வேண்டியதே.

மூலைகளில் பிசின் திரள்வது

ஹேண்டில்பார் தண்டு செல்லும் ஹெட் டியூபும் அங்கிருந்து பெடல் பக்கம் இறங்கும் டவுன் டியூபும் சேரும் உள்மூலை, பாட்டம் பிராக்கெட்டில் நான்கு குழாய்கள் கூடும் இடம் ஆகியவற்றில் இது வரும். வெளியே பளபளவென்று அழகாகத் தெரியும், அதனாலேயே ஏமாற்றும். மூலையில் அடுக்கு உள்ளே அமராமல், இரு சுவர்களுக்கும் நடுவே துணி கட்டியதுபோல் பாலமாக நின்றுவிட, பின்னால் உண்டான வெற்றிடத்தில் பிசின் மட்டும் போய் நிரம்புகிறது. இழையில்லாப் பிசின் கண்ணாடிபோல. அங்கிருந்து விரிசல் கிளம்பும்.

பிளாடர் அந்த மூலையைவிடச் சிறியதாக இருப்பது ஒரு காரணம். மூலையைக் கடக்கும் நீளவாக்குத் துண்டை இழுத்துப் பிடித்து ஒட்டியிருப்பது இன்னொன்று, இதுவே அதிகம். துண்டை மூலையில் தளர்வாக அமர்த்தி, எலும்புக் கத்தியாலோ டெஃப்லான் துண்டாலோ அழுத்தித் தேய்த்து உட்காரவைக்க வேண்டும். தேவையெனில் மூலையில் துண்டை வெட்டி ஒன்றன்மேல் ஒன்று ஏறவிடலாம். நான்கு குழாய்கள் கூடும் இடத்தின் குழியில், இழைகள் ஒரே திசையில் ஓடும் ஒருதிசைத் தாளை மெல்லிய திரியாக முறுக்கி வைத்து நிரப்புவது பழைய உத்தி. இன்றும் பயன் தருகிறது. மூன்று நான்கு அடுக்குக்கு ஒருமுறை வெற்றிடப் பைக்குள் வைத்து இறுக்கி எடுப்பதைச் சோம்பலால் விட்டுவிடுகிறார்கள். விட்டால் மூலை அதைக் காட்டிக்கொடுக்கும்.

உட்சுவரில் சுருக்கம்

கேமராவில் உட்சுவர் மடிந்த வேட்டிபோலத் தெரிந்தால், அடுக்கிய உரு அச்சின் உள்ளளவைவிடப் பெரியது என்று பொருள். பிளாடர் விரிந்து வெளியே தள்ளும்போது இழை நீண்டு கொடுக்காது. மிச்சமிருந்த சுற்றளவு மடிப்பாகிவிடும். நடுக்கருவின் (எதன்மேல் தாளை அடுக்குகிறோமோ அந்த உள்ளுருவின்) மேல் அடுக்கின் மொத்தத் தடிப்பும் ஏறியபின் வரும் வெளிச்சுற்றளவு, அச்சின் உட்சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும்படி கருவைச் சிறிதாக்குங்கள். ஒரு சுற்றைத் தாண்டி ஒட்டும் துண்டுகளின் சேர்க்கைக் கோடுகளை ஒரே இடத்தில் அடுக்காமல் சுற்றிலும் பரவவிடுங்கள். அந்தச் சேர்க்கைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித்தான் உரு சிறிது விரிய முடியும்.

அச்சை மூடும்போது இழை சேர்முகத்தில் நசுங்கி, வெளிப்பக்கத்தில் நீண்ட பிசிறாக வருவதும் இதே காரணத்தால்தான். பிசிறைத் தேய்த்துவிட்டால் பார்ப்பதற்குச் சரியாகிவிடும். ஆனால் தேய்ந்தது பிசினா இழையா என்பதைக் கவனியுங்கள். இழை என்றால் அந்தக் கோடு நெடுகச் சுமை தாங்கும் அடுக்கு வெட்டுப்பட்டிருக்கிறது.

மடிப்பு உள்ள இடத்தில் இழை நேராக ஓடாததால், அமுக்கு விசை வரும்போது சுவர் அங்கிருந்தே நெளியத் தொடங்கும். டவுன் டியூபின் நடுப்பகுதியில் குழாய் நீளத்துக்கு இணையாக ஒரு சிறு மடிப்பு இருந்தால் நான் விட்டுவிடுவேன். குழாயைக் குறுக்கே வெட்டிச் செல்லும் மடிப்பு, அல்லது ஹெட் டியூபுக்கு அருகில் எந்த மடிப்பும், என் பட்டறையிலிருந்து வெளியே போகாது.

எடை ஒத்துவரவில்லை

அச்சிலிருந்து வந்தபின் எடை போடுவதைவிட, உள்ளே வைக்கும் முன் அடுக்கிய உருவை எடை போடுவதே அதிகம் சொல்லும். சதுர மீட்டருக்கு 150 கிராம் இழையும், மொத்த எடையில் 36 விழுக்காடு பிசினும் கொண்ட தாளில், 10 சென்டிமீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் நீளமும் உள்ள துண்டு ஏறத்தாழ 4.7 கிராம். அரைக் கிராம் காட்டும் தராசு இருந்தால், ஒரு துண்டு விடுபட்டதையும் இருமுறை ஒட்டியதையும் அங்கேயே பிடித்துவிடலாம். உரு சரியாக இருந்து சட்டகம் மட்டும் கனமாக இருந்தால் உள்ளே பிளாடர் துண்டோ நுரைக்கருவின் மிச்சமோ கிடக்கும்.

அச்சைவிட்டு வர மறுப்பது

பிசின் அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசும் ரிலீஸ் பூச்சு தேய்ந்துபோனது எளிய காரணம். அலுமினிய அச்சில் இன்னொன்றும் உண்டு. 120 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குக் குளிரும்போது அலுமினியம் மீட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் சுருங்கும்; கார்பன் இழையின் நீளவாக்கில் சுருக்கம் ஏறக்குறைய இல்லை. முழுவதும் ஆறவிட்டால் அச்சே சட்டகத்தைக் கவ்விக்கொள்ளும். நெம்புகோலால் எழுப்பினால் ஓரத்து அடுக்குகள் பிரியும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே, ஆனால் பிசின் இளகும் வெப்பநிலைக்கு மிகவும் கீழே வந்தபின், எடுக்க வேண்டும்.

சட்டகம் முறுக்கிக்கொண்டது, பின்சக்கரம் நடுவில் நிற்கவில்லை

பின் ஆக்சில் அமரும் இரு கவைகளுள் (டிராப் அவுட்) ஒன்றில் நூலைக் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றி, மறு டிராப் அவுட்டுக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். சீட் டியூபின் இரு பக்கமும் நூலுக்குள்ள இடைவெளியை வெர்னியரால் அளந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதிதான் விலகல்.

விலகல் ஒரே பக்கமாக எல்லாச் சட்டகங்களிலும் வந்தால் ஒட்டும்போது பாகங்களைப் பிடித்துவைக்கும் ஜிக்கைச் சரிபாருங்கள். அவ்வப்போது மட்டும் வந்தால் அடுக்கலைப் பாருங்கள். வலது செயின் ஸ்டேயில் இழை 45 பாகை சாய்ந்த துண்டுகள் இடதில் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருக்க வேண்டும். ஒரே வெட்டுக்கட்டிலிருந்து இரு பக்கத்துக்கும் எடுத்து ஒட்டும் தொழிலாளி தவறு செய்வது எளிது, கண்ணுக்கும் தெரியாது. ஆறியதும் இரு ஸ்டேக்களும் ஒரே திசையில் முறுக்கிக்கொள்ளும். இடது வலதுத் துண்டுகளின் பாதுகாப்புப் படலத்தை வேறு வேறு நிறத்தில் குறியிட்டபின் எங்களுக்கு இது நின்றது.

எஃகுச் சட்டகத்தை நெம்பி நிமிர்த்திப் பழகியவர்கள் இங்கும் அதைச் செய்யப் பார்ப்பார்கள். கார்பன் வளைந்து நிற்காது. திரும்பி வரும், அல்லது உள்ளே உடையும்.

ஒட்டு விடுவது

விட்டுப்போன ஒட்டைத் தூக்கி எறியாமல் இரு முகங்களையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பசை முழுவதும் ஒரு முகத்தில் இருந்து, மறுமுகம் வழித்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தால், அந்தச் சுத்தமான முகம்தான் குற்றவாளி: அங்கே எண்ணெய்ப் பசையோ ரிலீஸ் பூச்சின் மிச்சமோ இருந்திருக்கிறது. இரு முகத்திலும் பசை பிய்ந்து நின்றால், பசை கலந்த விகிதத்தையோ, இறுகிய விதத்தையோ, இடைவெளி அதிகமானதையோ ஆராயுங்கள். பசையோடு கார்பன் இழையும் பிய்ந்து வந்திருந்தால் ஒட்டு நன்றாகவே பிடித்திருக்கிறது. சுமைதான் மீறியது, அல்லது அடியிலுள்ள அடுக்கு பலவீனமானது.

தயாரிப்பில் வரிசை முக்கியம். முதலில் கரைப்பானால் துடைத்து, பிறகே தேய்க்க வேண்டும். முதலில் தேய்த்தால் மேலே இருந்த ரிலீஸ் பூச்சைக் கீறல்களுக்குள் நாமே திணித்துவிடுகிறோம். தேய்த்தபின் தூசியை அகற்றி மீண்டும் துடைத்து, சுத்தமான தண்ணீரைச் சிறிது ஊற்றிப் பாருங்கள். தாமரை இலையில் போலத் துளித்துளியாகத் திரண்டால் பரப்பு இன்னும் தயாராகவில்லை; உடையாமல் படலமாக விரிந்து நின்றால் ஒட்டலாம், நன்றாக உலர்த்தியபின். பசையின் தடிப்பு 0.1 முதல் 0.3 மில்லிமீட்டருக்குள் சீராக இருக்கும்படி, பசையில் சிறிது கண்ணாடி மணித்தூள் கலப்பது உதவும். இறுக்கிப் பிடித்துப் பசையை முழுவதும் பிழிந்துவிடும் தவறு அதனால் தடுக்கப்படும்.

கையால் பிசின் தடவிச் செய்பவர்களுக்கு ஒரு சேர்க்கை. ஈரமான காற்றில் இறுகும் சில எபாக்ஸிகளின் மேல் மெழுகுபோன்ற படலம் ஒன்று படியும். தண்ணீரும் தேய்ப்பு நாரும் கொண்டு அதைக் கழுவி அகற்றிய பிறகே உப்புத்தாளைத் தொடுங்கள். தேய்க்கும்போது முகக்கவசம் அணிந்து, நீர் தெளித்துத் தேய்ப்பது நல்லது. கார்பன் தூசி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் பக்கத்தில் உள்ள மின்கருவிகளுக்கும் கேடு.

பாட்டம் பிராக்கெட்டில் கிரீச்சொலி

முதலில் பெடல், சீட் போஸ்ட், சேணத் தண்டு, பின் ஆக்சில் ஆகியவற்றைக் கழற்றித் துடைத்து, மசகிட்டுப் பாருங்கள்; சீட் போஸ்டுக்கு மட்டும் மசகுக்குப் பதில் கார்பனுக்கான பிடிப்புப் பசை. கார்பன் குழாய் ஒலியைக் கடத்தி வேறிடத்திலிருந்து வருவதுபோல் கேட்கவைக்கும். அதன்பின்னும் ஒலித்தால், பேரிங்கை அழுத்திப் பொருத்தும் வகைப் பாட்டம் பிராக்கெட் என்றால், துளையின் விட்டத்தை அளக்க வேண்டும்: பொதுவாக வகைக்கேற்ப 41 அல்லது 46 மில்லிமீட்டர். மூன்று கோணங்களில் அளந்தால் துளை முட்டை வடிவமாகியிருப்பது தெரியும். இரு பக்கத் துளைகளையும் தனித்தனியே குடைந்திருந்தால் அவை ஒரே நேர்கோட்டில் இராது; ஒரே பொருத்தலில் இரண்டையும் ரீமரால் குடைவதே சரியான முறை. உள்ளே அலுமினிய உறை ஒட்டப்பட்டிருந்து, அதன் விளிம்பில் வெள்ளைத் தூள் படிந்திருந்தால், ஒலி பேரிங்கிலிருந்து வரவில்லை. கார்பனும் அலுமினியமும் வியர்வை உப்பும் சேர்ந்து மின்கலம்போல் இயங்கி, அலுமினியம் அரிக்கப்பட்டு, உறை தளர்ந்திருக்கிறது. உறையை எடுத்து, இடையே ஓர் அடுக்கு கண்ணாடி இழைத் துணி வைத்து மீண்டும் ஒட்ட வேண்டும். புதிய சட்டகங்களில் அந்தத் துணியை முதலிலேயே அடுக்கிவிடுங்கள். சில கிராம்தான் கூடும். முழு மிதிவண்டியின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டு முதல் பன்னாட்டுப் பந்தய விதி. அந்தச் சில கிராமுக்காக இதைத் தவிர்ப்பவர்களை எனக்குப் புரிவதில்லை.

சோதனையில் விறைப்பு குறைவது

ஐ.எஸ்.ஓ. 4210 தரத்தின்படி பெடல் விசைச் சோர்வுச் சோதனை 1,00,000 சுழற்சி நடக்கும். பந்தய மிதிவண்டிக்கு விசை 1100 நியூட்டன். கலப்புப்பொருள் சட்டகத்தில் விரிசல் தெரியாவிட்டாலும், சோதனையின் போக்கில் வளைவு தொடக்க அளவைவிட 20 விழுக்காட்டுக்கு மேல் கூடினால் தோல்விதான். தொடக்கத்திலேயே விறைப்பு குறைவாக இருப்பதும், போகப்போகக் குறைவதும் வேறு வேறு நோய்கள். போகப்போகக் குறைந்தால் அடுக்கு பிரிகிறது அல்லது ஒட்டு விடுகிறது, நாணயத்தை எடுங்கள். தொடக்கத்திலேயே குறைவு என்றால் இழையின் கோணத்தைப் பாருங்கள். ஒருதிசைத் தாளின் ஓர் அடுக்கைத் தனியே எடுத்துக் கணக்கிட்டால், 5 பாகை விலகலில் நீளவாக்கு விறைப்பு ஆறில் ஒரு பங்கு போய்விடும். 10 பாகையில் போவது ஏறக்குறைய பாதி. மற்ற அடுக்குகள் உடனிருப்பதால் சட்டகத்தில் இழப்பு இவ்வளவு இராது. ஆனாலும் கண்மதிப்பில் ஒட்டும் கைக்கு 5 பாகை என்பது ஒன்றுமே இல்லை. நடுக்கருவின் மேல் குழாய்களின் மையக்கோட்டை வரைந்துவிட்டு, அதை வைத்தே ஒட்டச் சொல்லுங்கள்.

பெயின்டுக்குப் பின் குமிழும் நெளிவும்

பெயின்ட் ஓவனிலிருந்து வந்ததும் பரப்பு நெளிந்திருந்தால் பிசின் முழுவதும் இறுகவில்லை. அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் பெயின்ட் இல்லாத உட்பகுதியைத் தேயுங்கள். பரப்பு பிசுபிசுத்தால் ஐயம் உறுதியாகும். அறைச்சூட்டில் இறுகும் எபாக்ஸி, பின்சூடு கொடுக்காதவரை, 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கலாம். அத்தகைய சட்டகத்தைப் பெயின்ட் ஓவனுக்குள் அனுப்பவே கூடாது, சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் வைப்பதும் கூடாது. தண்ணீர்ப் பாட்டில் தாங்கியின் திருகுமரையைச் சுற்றி மட்டும் குமிழ் வந்தால் அது பெயின்டின் குறையன்று, மேலே சொன்ன அலுமினிய அரிப்பு. மரையைக் கழற்றி, வெள்ளைத் தூளைச் சுரண்டி, துளையின் விளிம்பை எபாக்ஸியால் பூசி மூடிய பிறகே மறுபடியும் பெயின்ட் அடியுங்கள்.